உம் கொட்டிய குற்றம்

அமெரிக்காவின் ஜார்ஜியாவில், எங்கள் ஊர் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கு ஊர் ஜனத்திலிருந்து ஆள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். திருட்டு வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவன் என்னைப் போல் கறுப்பன். ஜூரி வரிசையிலோ மிஞ்சியிருந்த ஒரே கறுப்பு முகம் என்னுடையதுதான். மற்றக் கறுப்பர்களை ஏதேதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அரசு வக்கீல் ஹாட்லி நீதிபதியிடம் போய்க் கிசுகிசுத்தார். எனக்குப் பாம்புக் காது.

"ஒடெஸாம்மாவும் வேணாங்கய்யா. நான் பேசப் பேச உம் கொட்டிக் கிண்டல் பண்றாங்க."

ஒடெஸா நான்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் சபையில் பாஸ்டர் பேசினால் ஜனம் உம் கொட்டும். காது கொடுத்துக் கேட்கிறோம் என்று அர்த்தம். இந்த மனுஷனுக்கு நான் காட்டிய மரியாதை அது!

கூடவே போய் நின்ற எதிர்த்தரப்பு வக்கீல் ரெனிட்டா எங்கள் சபைப் பெண். விடுவாளா?

"பக்கத்துல இருக்கிற வெள்ளைக்காரர் காலையிலேருந்து தலையாட்டுறாரே, ஐயா. அவர் ஆட்டினா கவனம், இவங்க உம் கொட்டினா கிண்டலா?"



"அந்தம்மா இருக்கட்டும்," என்றார் நீதிபதி. "ஆனா சத்தம் வரக் கூடாது."

"அதுக்கென்னங்கய்யா, வாயே திறக்கமாட்டேன்," என்றேன்.

விசாரணை தொடங்கியது. ஹாட்லி நெடுநேரம் பேசினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, சத்தமே காட்டாமல் கேட்டேன். அவர் அடிக்கடி நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

எங்கள் சபையில் ஜனம் உம் கொட்டாவிட்டால், பேச்சு எடுபடவில்லை என்று பாஸ்டரே புரிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்.