தீவுக்கோழி

என் வீட்டுக்காரர் சங்கிலிமுத்துவுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்குள் மருந்து அடைக்கிற வேலை அவருக்கு. சேர்ந்த புதிதில் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கை நடுங்கும், சோறு இறங்காது. தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார். நான் வீட்டில் உருட்டிய வெறுங்குழாய்களைக் கம்பெனியில் கொடுக்கப் போனபோது என் கண்ணாலேயே பார்த்தேன். மருந்து அடைத்த குழாய்க் கட்டை இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டும், தரையில் உரசவே கூடாது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இந்த மனுஷன் காலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இங்கேருங்க, மருந்துக் கட்டைக் காலால தள்ளுறீகளே, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"ஏ பாண்டிச்செல்வி, இத்தன வருசமா அப்படித்தான தள்ளுதேன். என்ன ஆகிப்போச்சு? சீசன் நேரத்துல ஒவ்வொண்ணாத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தா லோடு ஏறுமா?"

சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தார். அடுத்த நிமிஷம் குறட்டை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மறுநாள் திருத்தங்கல் முகம்மது நூகு பாய் வண்டியில் பேப்பர் கொண்டுவந்து இறக்கினார். அச்சாபீஸில் வீணான தாள்களை எடைக்கு வாங்கிக் குழாய் உருட்டக் கொடுப்பவர் அவர்.

"பள்ளிக்கூடச் சார்ட்டு தங்கச்சி. கலர் வெலகிப்போச்சுன்னு தள்ளிட்டாங்க. தாளு நல்ல கனம், பாருங்க."

விரித்துப் பார்த்தேன். தாள் முழுக்க நீலக் கடல். நடுவில் ஒரு சின்னத் தீவு, அதில் கொழுகொழுவென்று ஒரு பறவைக் கூட்டம். கலர் விலகியதால் ஒவ்வொரு பறவைக்குப் பின்னாலும் நீலமாக இன்னொரு பறவை நின்றது. கிண்ணத்தில் பசை காய்வதுகூடத் தெரியாமல் கீழே இருந்ததைப் படித்தேன்.

எந்தக் காலத்திலோ ஒரு புயல் சில பறவைகளை அந்தத் தீவில் கொண்டுபோய்ப் போட்டதாம். அங்கே பூனை இல்லை, பாம்பு இல்லை, கீரி இல்லை. பறந்து தப்ப வேண்டிய அவசியமே இல்லை. இறக்கை சிறுத்துப் பிறந்த குஞ்சும் நன்றாகவே பிழைத்தது. அதன் குஞ்சுக்கு இன்னும் சிறுத்தது. லட்சக்கணக்கான வருஷத்தில் பறக்கிறதும் போய்ப் பயமும் போய், உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவையாக ஆகிவிட்டது. செடிகள்கூட, கடிக்க ஆடு மாடு இல்லாததால் முள்ளை விட்டுவிட்டனவாம். முள்ளே இல்லாத ஊரா! கருவேல முள்ளைப் பிடுங்கிப் பிடுங்கியே தேய்ந்த கால் என்னுடையது.

பிறகு ஒருநாள் கப்பல் வந்தது. இறங்கிய ஆட்களைக் கண்டு பறவைகள் ஓடவில்லை. யாரென்று பார்க்கக் கிட்டே நடந்து வந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை என்று முடிந்திருந்தது.

மத்தியான வெயிலுக்குக் கண் சொருகியது. நாரணாபுரத்துக்குக் கடல் வந்திருந்தது. கம்பெனி அறைகளின் கூரைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. கருவேலங்காட்டில் வெறுங்காலோடு நடக்கிறேன், ஒரு முள் குத்தவில்லை. நுரைக்குள்ளிருந்து அந்தப் பறவைகள் மெதுவாக நடந்து வந்தன. நீல நிழல் ஓர் அடி பின்னாலேயே வந்தது. "போ, ஓடீரு" என்று விரட்டினேன். ஒன்று மட்டும் கிட்டே வந்து என் உள்ளங்கையில் தலையை வைத்தது. இளஞ்சூடாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சங்கிலிமுத்துவின் தூக்கக் கண். எனக்குப் பின்னால் யாரோ வருகிற சத்தம். என்னால் திரும்ப முடியவில்லை.

விழித்தும் கனவு முழுதாக விடவில்லை. கை தன் பாட்டுக்குக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தது. ஒரு கட்டு முடிந்து கயிறு போடும்போதுதான் பார்த்தேன். அட பாவி மகளே! அச்சடித்த பக்கம் உள்ளே போய் வெள்ளைப் பக்கம் வெளியே வர வேண்டும், அப்போதுதான் மேலே லேபிள் ஒட்ட முடியும். நான் படத்தை வெளியே வைத்து உருட்டியிருக்கிறேன். கட்டைச் சுற்றிலும் பறவைக் கண்கள், உருண்டையாக, ஆளை நம்பிக்கொண்டு. பிரித்து எறிய மனசு வரவில்லை. திட்டினால் திட்டட்டும் என்று அப்படியே கட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் அந்தக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் என்ன ஒன் தீவுக்கோழியா?"

"அதுவும் இப்படித்தான் நெனச்சிருக்கும். இத்தன வருசமா ஒண்ணும் ஆகலையேன்னு."

"போடீ கோட்டிக்காரி" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

விடிந்ததும் கட்டுகளைக் கொண்டுபோய்க் கம்பெனியில் போட்டுவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் அவர் வந்த நடையே சரியில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"எந்த மகராசி படத்த வெளிய வச்சு உருட்டுனான்னு போர்மேன் கத்துனான். அவசர ஆர்டரு, அப்படியே அடைங்கடான்னு சொல்லிட்டான். அடைச்சு முடிச்சு, எப்பவும் போலத் தள்ளுறதுக்குக் காலத் தூக்குனேன். சுத்திலும் கண்ணு, பாண்டிச்செல்வி. அம்புட்டும் என்னையவே பாக்குது. உள்ள மருந்து இருக்குன்னு அதுகளுக்குத் தெரியவா செய்யும்?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"காலு எறங்கல. குனிஞ்சு ரெண்டு கையாலயும் தூக்கி வச்சேன். அப்பப் பிடிச்ச நடுக்கம், இன்னும் நிக்கல."

சோறு போட்டேன். பிசைந்த விரல்களிலிருந்து பருக்கைகள் சிதறின. தட்டைத் தள்ளிவிட்டார்.

"சோறு எறங்கலடீ."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை. எச்சில் கையென்றும் பார்க்காமல் அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். இளஞ்சூடாக, நடுங்கிக்கொண்டே இருந்தது.

"எறங்கலைன்னாப் போகுது. நாளைக்கும் இப்படியே நடுங்கிக்கிட்டு வாங்க" என்றேன்.