ஹெல்மெட்டின் புது வால்வுகள்

தொழிற்சாலையில் அவரை எல்லோரும் 'ஹெல்மெட்' என்றுதான் சொல்வார்கள். பாதுகாப்பு அதிகாரி. இடுப்பில் பெல்ட் இல்லாமல் ஏணியில் ஏறியவனைப் பாதி வழியில் நிறுத்தி, அங்கேயே வைத்துக் கால்மணி நேரம் புத்தி சொல்வார். மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கிய பொது மேலாளருக்கே மெமோ கொடுத்தவர்.

வீட்டில் அவருக்கு ஒரு கிதாரும், கண்ணாடிக் குழல் மாதிரியான வால்வுகள் வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னறையில் உட்கார்ந்து வாசிப்பார். மனைவி குறை சொன்னதில்லை; அறைக்கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வாள்.

மனைவியின் தங்கைக்கு ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பதுதான் தொழில். சொந்தமாகக் கடை வைத்திருந்தாள். ஊரில் மேடை ஏறுகிற குழுக்கள் எல்லாம் அவளிடம்தான் வரும். அவர் மட்டும் போகமாட்டார். சொந்தத்துக்குள் வேலை கொடுத்தால் உறவு கெட்டுவிடும் என்பார். உண்மையில், அவள் கேள்வி கேட்பாள். அது அவருக்குப் பிடிக்காது.

மூன்று வாரம் இணையத்தில் மேய்ந்துவிட்டு, அவர் ஒரு ஜோடி புது பவர் வால்வுகளை வரவழைத்தார். அதைப் போட்டால் ஓசை தேன் மாதிரி இழையும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அக்கா மூலம் விஷயம் தெரிந்து தங்கை போன் செய்தாள். ஒரே நம்பர் போட்டிருந்தாலும் ஒவ்வொரு ஜோடியும் இழுக்கிற மின்னோட்டம் வேறு, பழைய ஜோடிக்கு வைத்த பயாஸ் புதியதற்குப் பொருந்தாது என்றாள். பயாஸ் என்றால், வாசிக்காமல் சும்மா இருக்கும்போது வால்வு எவ்வளவு இழுக்கலாம் என்று கட்டுப்படுத்துகிற வோல்டேஜ். கடைக்குக் கொண்டுவந்தால் அரைமணி நேரத்தில் அளந்து வைத்துத் தருகிறேன் என்றும் சொன்னாள். அவர் "சரிம்மா" என்றார். போனை வை என்பதற்கு அவர் சொல்லும் வார்த்தை அது.

ஞாயிறு காலை சேஃப்டி ஷூ, கண்ணாடி, ரப்பர் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் அபாய மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பினார். 'வால்வின் கண்ணாடி உடையும் வாய்ப்பு: குறைவு.' ஒப்புதல் அளிப்பவர் என்ற இடத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார். பிறகு பழைய வால்வுகளைக் கழற்றி, புதியதை மாட்டி, சுவிட்சைப் போட்டார்.

மூன்றாவது நிமிடம் வால்வுக்குள் இருந்த சாம்பல் நிறத் தகடுகள் மெல்லச் சிவந்தன. பழைய வால்வுகள் இப்படி ஒருநாளும் சிவந்ததில்லை. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படம் எடுத்து, 'புது வால்வு, அழகைப் பாருங்கள்' என்று குடும்பக் குழுவில் போட்டார். சித்தப்பா கைதட்டினார். யாரோ இதயம் அனுப்பினார்கள். அடுத்த நொடி தங்கையின் போன்.

"மாமா, ஆஃப் பண்ணுங்க. இப்பவே."

"ஏம்மா, நல்லாத்தானே எரியுது?"

"எரியக் கூடாது மாமா. அது லைட் இல்ல."

அவள் வருவதற்கு இருபது நிமிடம் ஆனது. அதற்குள் அவர் ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தள்ளி, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் உள்பகுதியை வெளியே எடுத்துக் கவிழ்த்து வைத்திருந்தார். பாதி வேலையை முடித்து வைத்தால் மரியாதையாக இருக்கும் என்ற எண்ணம். சின்னத் திருகுகள் பிடிபடவில்லை என்று கையுறையைக் கழற்றியிருந்தார். தங்கை உள்ளே நுழைந்தபோது, ஒரு கை இரும்புச் சட்டத்தைப் பிடித்திருக்க, இன்னொரு கையின் விரல் கம்பிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"கையை எடுங்க மாமா."

அவள் சத்தம் போடவில்லை. அதனாலேயே எடுத்துவிட்டார்.

அவள் மீட்டரின் கறுப்பு வயரைச் சட்டத்தில் கவ்வவிட்டு, இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் சிவப்பு முனையை மட்டும் உள்ளே வைத்தாள். எண்ணை வாசிக்கச் சொன்னாள்.

"முந்நூத்தி எண்பது வோல்ட்," என்றார். "பிளக்கைத்தான் பிடுங்கிட்டேனே?"

"பிளக் போனாலும் கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும். ஒரு கை சட்டத்துல இருக்க, இன்னொரு கை கம்பியில பட்டிருந்தா நெஞ்சு வழியாப் பாஞ்சிருக்கும்."

ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகும் இன்னொரு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைத்தாள். வாசற்படியில் நின்ற மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அந்த ஃபாரத்துல இது இருக்கா?"

அவர் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தங்கை பயாஸைக் குறைத்து, புது வால்வுகளுக்கு மறுபடி கரண்ட் கொடுத்துப் பார்த்தாள். ஒன்று அடங்கியது. மற்றதில் மின்னோட்டம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. முப்பது வாட் தாங்குகிற வால்வு, சும்மா இருக்கும்போது இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது. இவர் அளக்காமல் மாட்டியதில் அது முப்பத்தெட்டில் வெந்திருக்கிறது. அதை அவள் சொல்ல ஆரம்பித்தபோது, சிவப்பு விளக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டுச் சித்தப்பா போன் செய்தார். இவர் பேசிக்கொண்டே வெளியே போனார்.

அவள் பழைய ஜோடியையே திரும்ப மாட்டி, பயாஸையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து அளந்தாள். இருபது வாட். கச்சிதம். புதுசு கெட்டுவிட்டது, பழையதையே போட்டிருக்கிறேன் என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். அவர் போனுக்கு நடுவே கையைத் தூக்கி, "சரிம்மா" என்றார்.

திரும்பி வந்து கிதாரை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க வாசித்தார்.

"கேட்டீங்களா? பழைய வால்வுல இந்த இனிப்பு ஏழு ஜென்மத்துக்கும் வராது."

தங்கை வாயைத் திறந்தாள். அக்கா அவள் முழங்கையை அழுத்தி, காதோடு சொன்னாள்: "விடுடி. தெரிஞ்சா இன்னொரு ஜோடி வாங்கிடுவாரு."

மறுநாள் அவர் இணையத்தில் புது வால்வுகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். பத்து நாளில் தங்கையின் கடைக்கு அதே வால்வுப் பெட்டியோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் அந்த இரண்டு பக்கத்தையும் அச்செடுத்தே கொண்டுவந்திருந்தார். அவள் நின்றபடியே படித்தாள். தேன், இனிப்பு, ஆழம் எல்லாம் இருந்தன. கடைசிப் பத்தியில், உள்ளே உள்ள மின்சாரத்தை முழுதாக வடிக்காமல் தொடாதீர்கள், ஒரு கை எப்போதும் பைக்குள் இருக்கட்டும், பயாஸை அளக்காமல் வால்வு மாற்றாதீர்கள், இது என் நீண்டகால அனுபவம் என்று எழுதி, கீழே பெயரும் பதவியும் போட்டிருந்தார்.

அந்தப் பத்தியை மட்டும் கத்தரித்து, வேலை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். பதவியை வெட்டவில்லை. அத்தனை வருடம் அவள் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர்கள், இப்போது ஓர் அதிகாரியே சொல்லியிருக்கிறார் என்று ஆம்ப்ளிஃபயரை மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டுப் போனார்கள்.