பெண்கள் பக்கத்துப் படங்கள்

என் புருஷன் அப்ஹாமுக்குக் கை சும்மா இருக்காது. வேலையில்லாத நாளில் மின்விசிறியைக் கழற்றுவார், திரும்பப் பூட்டுவார், மிஞ்சிய திருகாணிகளை மேசையில் விட்டுவிட்டுப் போவார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இந்த முறை அவர் கைவைத்தது என் ஹார்ட் டிரைவில்.

நான் கலியாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுப்பவள். எங்கள் முஸ்லிம் கலியாணங்களில் ஆண்களுக்கு ஒரு மண்டபம், பெண்களுக்கு ஒரு மண்டபம். பெண்கள் மண்டபத்துக் கதவைச் சாத்தியதும் தலைத்துணி இறங்கும், முடி அவிழும், பாட்டுப் போட்டு ஆடுவார்கள். அங்கே என்னை விடுவது ஒரே ஒரு உறுதிக்காக. அந்தப் படங்கள் எந்த வெளி ஆணின் கண்ணிலும் படாது. நானே எடுத்து, நானே திருத்தி, டிரைவோடு பெண் வீட்டில் கொடுத்துவிடுவேன். என்னிடம் ஒன்றையும் வைத்துக்கொள்ள மாட்டேன். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் என்னை நம்பிக் கூப்பிடுகிறார்கள் என்றால் அதற்குத்தான்.

அஸ்காவின் கலியாணப் படங்கள் அந்த டிரைவில் மட்டும்தான் இருந்தன. கமரா கார்டை அடுத்த கலியாணத்துக்காக அழித்துவிட்டேன். அஸ்காவின் உம்மா பைறோஸா மாமி வெள்ளிக்கிழமை எடுக்க வருவதாக இருந்தார்.

நான் இரத்மலானையில் உம்மா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து இவருடைய லப்டொப்பில் இடம் முடிந்துவிட்டதாம். கூட்டாளிமாரோடு நுவரெலியா போன வீடியோக்களை வைக்க இடம் வேண்டுமாம். என் மேசை லாச்சியைத் திறந்து, 'தொட வேண்டாம்' என்று நான் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்த டிரைவை எடுத்துச் செருகியிருக்கிறார். என்னுடையது அப்பிள் லப்டொப். அதற்காகத் தயார்செய்த டிரைவை அவருடையதால் வாசிக்க முடியாது. வாசிக்க முடியாவிட்டால் 'ஃபோர்மட் செய்யவா?' என்று கேட்கும். உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடவா என்று அர்த்தம். கேட்டதாம். இவர் ஓம் என்று அழுத்தினாராம்.

வீட்டுக்கு வந்து லாச்சியைத் திறந்தால் டிரைவைக் காணவில்லை. அவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"பதறாதீங்க ருஷ்தா. சின்னப் பிழையொண்டு நடந்திட்டு. காலி வீதிக் கம்பியூட்டர் கடைல குடுத்தீக்கிறன். எல்லாத்தையும் திருப்பி எடுக்கலாமாம்."

"கடைல ஆரு?"

"சந்திரகுமார். நல்ல மனுசன்."

நல்ல மனுசனாம்! செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினேன்.

கடையில் பெரிய திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்தது. திரை நிறைய அஸ்கா. முடியை விரித்துப் போட்டு, மருதாணிக் கையைத் தூக்கிச் சிரிக்கும் அஸ்கா. ஃபோன் திருத்த வந்த இரண்டு ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்டும் போகேல்ல மிஸ்," என்றார் சந்திரகுமார். முகமெல்லாம் சந்தோஷம். "ஒவ்வொண்டாத் திறந்து பார்த்திட்டன்."

ஒவ்வொன்றாக! பக்கத்தில் கிடந்த அட்டைப் பெட்டியைத் தூக்கித் திரையை மறைத்தேன். நான் போட்ட சத்தத்தில் அந்த இரண்டு பேரும் வெளியே போனார்கள்.

"பெண்கள் பக்கத்துப் படமெண்டு அவர் செல்லல்லையா?"

"கலியாணப் படம் எண்டு மட்டும்தான் சொன்னவர். எனக்கெப்பிடி மிஸ் தெரியும்?"

அவரைக் குறை சொல்ல வழியில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவருடைய கதிரையில் நானே உட்கார்ந்து, எல்லாவற்றையும் என் டிரைவில் ஏற்றி, கடைக் கணினியில் இருந்ததை அழித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

வீட்டில் அப்ஹாம் காலை நீட்டிப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கெடச்சிட்டுத்தானே? பொறகு என்னத்துக்கு மூஞ்ச நீட்டுறீங்க?"

"மூணு ஆம்புளைகள் பாத்தீக்கிறாங்க. பைறோஸா மாமிக்கு நான் என்ன செல்ற?"

"ஒண்டும் செல்ல வாணாம். ஆருக்குத் தெரியப்போவுது?"

படங்களை அழித்ததைக்கூட மன்னித்திருப்பேன். இதைத்தான் தாங்க முடியவில்லை. நான் கொடுத்த வாக்கைக் கொண்டுபோய்க் கடையில் வைத்துவிட்டு, இப்போது பொய்யையும் என் தலையில் கட்டப் பார்க்கிறார்.

"அந்தக் கலியாணத்துக்கு ஷிம்னாவும் போனா, தெரியுமா?" என்றேன். ஷிம்னா அவருடைய ஒரே தங்கை. "அஸ்காவுக்குப் பக்கத்துல ஆடிட்டு நிக்கிறா. தலைல துணியில்ல. அந்தப் படத்தையும் கடைக்காரன் தொறந்து பாத்தீக்கிறான்."

கோப்பையை மேசையில் இடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ட தங்கச்சியயா? அந்தக் கடைக்காரன்ட கண்ணத் தோண்டுறன் பாருங்க!"

மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினார்.

"இரிங்க," என்றேன். "ஆருக்குத் தெரியப்போவுது?"

தேடுவதை விட்டுவிட்டார். பிறகு மெதுவாக, "ஷிம்னாட்ட செல்லிறாதீங்க," என்றார்.

ஊரார் மகள் என்றால் ஒன்றுமில்லை. தன் தங்கை என்றதும் ரத்தம் கொதிக்கிறது. எனக்கும்தான் கொதித்தது. ஃபோனை எடுத்துப் பைறோஸா மாமியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நீங்கதானே குடுத்தீங்க. நீங்களே செல்லுங்க."

மாமி உடனே எடுத்தார். "ருஷ்தாவா? படம் ரெடியா மகள்? அஸ்கா முடியத் தொறக்க மாட்டன் எண்டுதான் நிண்டா. ருஷ்தாதானே எடுக்கிற, பயப்படாதீங்க எண்டு நான்தான் சென்னன்."

அப்ஹாம் ஃபோனை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினேன்.