எல்ஸ்பெத்தின் கோடு

என் மகள் எல்ஸ்பெத்துக்குக் குரல் இருக்கிறது என்று ஒரு கண்ணாடித் துண்டு சொன்னது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

நான் பிறவிச் செவிடு. அவளும் அப்படியே. டண்டீயில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் அவள் படித்தாள். அதே கட்டடத்தின் நிலவறைச் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. கட்டில் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி, அது நிறையக் கருங்கல். சக்கரத்தைச் சுற்றினால் பெட்டி முன்னும் பின்னும் உருண்டு, உருளையில் சுற்றிய விரிப்புகளின் சுருக்கத்தை எடுக்கும். வாராவாரம் புதன்கிழமை முழுக்க அதைச் சுற்றி என் வலது தோள் இடது தோளைவிடப் பெருத்துவிட்டது.

எங்களுக்கு நேர் மேலே பேச்சு வாத்தியார் ஓரக் ஐயாவின் அறை. குரலை வரையும் கருவியைக் கண்டுபிடித்தவர் அவர்தான். தகரக் குழல், அதன் முனையில் ஒரு தோல், தோலில் ஒரு பன்றிமயிர், அது உரசும்படி புகைக்கரி பூசிய கண்ணாடி. பிள்ளை குழலில் கத்தினால் மயிர் கண்ணாடியில் நெளிநெளியாகக் கோடு போடும். அவர் விரல்கள் எப்போதும் கறுப்பு. அதனால் எங்கள் கைமொழியில் அவருக்குப் பெயர் கரிவிரல்.

நல்ல மனிதர். அதுதான் குழப்பமே. அவருடைய அம்மாவுக்கும் காது கேட்காது. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் எங்களைத் தேநீருக்குக் கூப்பிடுவார். அங்கே ஓரக் ஐயா, பூனை மீன் திருடிய கதையைக் கையால் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்போம். திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தால் அதே மனிதர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். என்னிடம் பேச வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதுவார். நான்கு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் பெரிய மனிதர்கள் கூடி, செவிடர்கள் வாயால்தான் பேச வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்களாம். அந்தக் கூட்டத்தில் இருந்த செவிடர்களை எண்ண ஒரு கை விரலே அதிகம்.

ஒரு புதன்கிழமை என்னை மேலே கூப்பிட்டார்கள். சக்கரத்தைக் கூட வேலை செய்யும் நான்ஸியிடம் கொடுத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

எல்ஸ்பெத் குதித்தாள். "அம்மா, பாரு! இந்தக் கோடு நான் போட்டது! என் குரல்!"

"கைய இறக்குடி. அவரு பாக்குறாரு."

"பாக்கட்டும். நான் கிளாஸ்கோ போகப் போறேன். அப்புறம் ரொட்டிக்காரிகிட்ட சீட்டு நீட்ட வேணாம். வாயைத் திறந்து கேப்பேன். அவ மூஞ்சி போற போக்கைப் பாரு!"

ஓரக் ஐயா ஒரு காகிதத்தை நீட்டினார். கிளாஸ்கோவில் பேச்சுப் பள்ளி. ஆறு வருஷம். அங்கே கைமொழி கூடாது. விடுமுறைக்கு வந்தாலும் வீட்டில் கூடாது. அம்மாவிடம்கூடக் கூடாது. நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது வயதுப் பெண்ணோடு இனி நான் எதால் பேசுவேன்? போடாவிட்டால் அவளுக்கு மந்தமானவர்கள் வகுப்புதான். அங்கே போனவர்களுக்குத் தையலும் செருப்பு வேலையும்தான் கதி.

பேனாவை மையில் தோய்த்தேன். அப்போது தரை என் உள்ளங்காலில் அதிர்ந்தது. நான்ஸி சுற்றுகிறாள்.

கருவியைப் பார்த்தேன். எல்ஸ்பெத் குழலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாயை மூடி, என்னைப் பார்த்து நிற்கிறாள். மயிர் மட்டும் கண்ணாடியில் நெளிந்துகொண்டே இருந்தது.

கத்தி முடித்த பிறகும் குரல் கொஞ்ச நேரம் காற்றில் தங்குமோ என்னவோ, எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் பெட்டி போய்த் திரும்பும் கணக்கு என் காலுக்குத் தெரியும். மயிர் அதே கணக்கில் ஆடியது. காலையில் அவளுடைய நல்ல கோடு விழுந்தபோது கீழே சுற்றியது நான்.

பேனாவை வைத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமோ?

தரையைக் காட்டினேன். கருவியைக் காட்டினேன். ஓரக் ஐயாவுக்குப் புரியவே இல்லை. சிலேட்டில், 'அந்தச் சத்தம் எப்போதும் இருப்பதுதானே! எங்கள் காதில் விழுவதே இல்லை' என்று எழுதினார்.

நானே கீழே போய் நான்ஸியின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு வந்தேன். எல்ஸ்பெத்தைக் குழலில் கத்தச் சொன்னார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். ஒரு சின்ன மேடு, அப்புறம் நேர்கோடு. அந்த மேடு குரலா, மூச்சா? அவருக்கே தெரியவில்லை.

எல்ஸ்பெத் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓரக் ஐயா நாற்காலியில் உட்கார்ந்தார். பள்ளிக்குள் முதல் தடவையாக அவர் கைகள் பேசின. "பதினோரு பிள்ளைங்கள அனுப்பிட்டேன், கிரிசல். யாருக்குக் குரல் இருக்கு, யாருக்கு உங்க பெட்டி... எனக்குத் தெரியல." காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார்.

மகள் எனக்கே மிஞ்சினாள் என்று, வெட்கமில்லாமல், மனசுக்குள் குதித்தேன்.

சாயங்காலம் வீட்டுக் கொல்லையில் எல்ஸ்பெத் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு என் எதிரே நின்றாள். வாய் மட்டும் அசைந்தது.

"என்னடி? கையால சொல்லு."

தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடியும் வாய் அசைந்தது. அந்த உதட்டை ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். ஒரு சொல் பிடிபடவில்லை. ஆனால் வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த மிஸஸ் டார்ஜி, காது கேட்கிறவள், வெடுக்கென்று திரும்பினாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

உள்ளே ஓடிப் போய்ச் சிலேட்டை எடுத்து வந்து எழுதி நீட்டினேன்: 'என் மகள் ஏதாவது சொன்னாளா?'

அவள் எல்ஸ்பெத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பலப்பத்தை வாங்கி எழுதினாள்: 'சொன்னாள். தெளிவாகவே கேட்டது. பெற்றவளைப் பற்றி அப்படி ஒரு சொல்லை நான் எழுத மாட்டேன்.'