அம்மா விழுங்கிய ஜின்

1
இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். "ஜின்னும் நல்ல சாப்பாடும். கொஞ்சம் சொந்த நினைவு, கொஞ்சம் சமூக வரலாறு. ஜாலியா இருக்கட்டும் மேடம். உங்கப்பா மாதிரி ஒரு ரசிகர் வேற யாரு இருக்கா?"

'அப்பா வந்து உட்கார்ந்தால் அந்த மேசையே...' என்று ஆரம்பித்தேன்.

வேண்டாம். பொய் தங்குதடையில்லாமல் வருகிறது.

2
வரலாற்றை முடித்துவிடுகிறேன். ஜின் ஒரு காலத்தில் சீமையில் ஏழைகளின் சரக்கு. அதைக் குடித்த பெண்களைக் காறித் துப்பினார்கள். பிறகு அது கனவான்களின் கோப்பைக்குப் போனது, 'ரசனை' என்று பெயர் வாங்கியது. (இந்தப் பத்தியை ஆசிரியர் வெட்டுவார். வெட்டட்டும்.)

3
அப்பா ஜின் ஆலையில் ருசி பார்ப்பவர். எந்த வடிப்பில் எலுமிச்சைத் தோல் தூக்கல், எதில் குறைச்சல் என்று அவர் சொன்னால்தான் பாட்டிலில் அடைப்பார்கள். 'மூக்கு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு காய்ச்சலோடு அந்த மூக்கு போய்விட்டது. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. அப்பா அதைப் பற்றி வெளியில் மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு மாதிரிக் குப்பிகள் வீட்டுக்கு வந்தன. அம்மா சமையலறையில் குடித்துப் பார்த்துச் சொல்வாள். மறுநாள் ஆலையில் அப்பா அதையே சொல்வார். விருந்திலும் அப்படித்தான். வறுத்த வாத்தைப் பரிமாறும்போது அம்மா குனிந்து, "மிளகு தூக்கல்" என்று முணுமுணுப்பாள். அவர் ஒரு வாய் மென்று, கண்ணை மூடி, அதையே உரக்கச் சொல்வார். விருந்தாளிகள் வாயைப் பிளப்பார்கள்.

(அம்மாவைத் தியாகியாக்கப் பார்க்கிறேன். உண்மையில் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.)

குப்பி வராத நாளிலும் அவள் கை தேட ஆரம்பித்தது. அப்பா செத்தபோது ஆலையே வாசலில் நின்றது. "பாவம் மனுஷன், இந்தக் குடிகாரியைக் கட்டிக்கிட்டு..." என்று அதே வாசலில் பேசினார்கள்.

4
இந்தக் கட்டுரைக்காகத்தான் முதல்முறையாக ஆலைக்குள் போனேன். இப்போது ருசி பார்க்கிறவர் அப்பாவின் இடத்தைக் காட்டினார். பக்கத்தில் ஒரு பீங்கான் தொட்டி.

"இது எதுக்கு?"

"துப்பறதுக்கு மேடம். நாங்க யாரும் விழுங்க மாட்டோம், உடம்பு என்னத்துக்கு ஆகும்? உங்கப்பா அதுல ரொம்பக் கண்டிப்பு. ஒரு சொட்டு உள்ள போகாது."

வீட்டில் அம்மாவிடம் அவர் அதைச் சொல்லவே...

5
அம்மா ஈரல் கெட்டு மருத்துவமனையில் கிடக்கிறாள். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். நேற்று என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அப்பாவைப் பத்தி எழுதறியாமே. நல்லா எழுதுடி. வாழ்நாள் பூரா அங்க அவ்வளவு குடிச்சாரு, ஒரு நாள் தள்ளாடினது கிடையாது. நான்தான் அவரு மானத்தை வாங்கிட்டேன். எழுதி முடிச்சதும் எனக்குப் படிச்சுக் காட்டு."

6
இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் தொட்டி இருக்கிறது. அதைப் படித்தால் அம்மாவின் வெட்கம் போகும், கூடவே புருஷனும் போவார். மற்றதில் தொட்டி இல்லை. ஆசிரியருக்குப் பிடிக்கும். அம்மா அவரை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டே, தன்னைத் திட்டிக்கொண்டே செத்துப்போவாள்.

எனக்கு இரண்டையும் படிக்க வாய் வரவில்லை. இந்தாருங்கள், தாள்கள். அவள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நீங்கள் படித்துக் காட்டுங்கள்.