கட்டைவிரல் நுழைந்த சுவர்

இத்தாலியின் போஜ்ஜிபோன்சி வட்டாரத்தில், கட்டிலும் அடுப்பும் வைத்த பழைய கேம்பர் வண்டி விற்கிறவர்களுக்கு துய்லியோவின் முகம் அவ்வளவாக ஞாபகமில்லை. அவருடைய வலது கட்டைவிரலைத்தான் எல்லோருக்கும் தெரியும். அந்த விரல் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததுமே ஒரு வியாபாரி கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, மாமனார் செத்துவிட்டார் என்று எழுதித் தொங்கவிட்டான். மாமனார் அப்போது உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

துய்லியோ எஞ்சினைப் பார்க்க மாட்டார். கட்டில், அடுப்பு, திரைச்சீலை எதையும் பார்க்க மாட்டார். நேராக வண்டியின் பின்மூலைக்குப் போய்ச் சுவரில் விரலை வைத்து அழுத்துவார். பிறகு, "ஈரம்" என்பார், கட்டியவனைக் கழுதை என்பார். அதோடு முடிந்தது. மழை நாளில்தான் வண்டி பார்ப்பார். மழை ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று காரின் டிக்கியில் ஒரு பூவாளியும் வைத்திருந்தார்.

இரண்டு வருடத்தில் இப்படி அவர் வாங்காமலே முப்பத்தொரு வண்டிகள் போயின. ஒன்றின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு தவளைக் குடும்பம் இருந்தது. விற்றவர் அதை விலைக்குள் சேர்த்துத்தான் சொன்னார். மனைவி நீவெஸுக்கு அந்தத் தவளைகளைக்கூடப் பிடித்துத்தான் இருந்தது. துய்லியோவுக்கு மூலை பிடிக்கவில்லை.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. முப்பத்தாறு வருடம் கேம்பர் தொழிற்சாலையில் சுவர் கட்டியவர். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ஒட்டுப்பலகை, நடுவில் பாப்ளர் மரச்சட்டம். மூலையில் நீர் புகாத பசையை ஒரு விரற்கடை விட்டுவிட்டால் போதும், மழை உள்ளே இறங்கி மரத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். இது தெரிந்த மனிதர் எந்தச் சுவரைத்தான் நம்புவார்?

மார்ச் மாதத்து மழைச் சனிக்கிழமை. முப்பத்திரண்டாவது வண்டியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நீவெஸ்தான் காரை ஓட்டினாள். துய்லியோ கடைசியாகக் கார் ஓட்டியபோது சதுக்கத்து நீரூற்றில் ஏற்றினார். அது இன்றைக்கும் சர்ச் பக்கமாகச் சாய்ந்துதான் தண்ணீர் பீச்சுகிறது.

"இன்னிக்கும் நீ ஈரம்னு சொன்னேன்னா, நாளைக்கே சர்ச் டூர் பஸ்ல பேரு குடுத்துருவேன்" என்றாள் நீவெஸ்.

"அந்த பஸ்ஸா? நாப்பது விதவைங்க போற பஸ்ஸாச்சே அது!"

"விதவையா இருக்கணும்னு அவசியமில்லையாம். புருஷன் இருந்தும் பிரயோஜனம் இல்லேன்னா போதும்னு பாதிரியார் சொல்லிட்டாரு."

துய்லியோ சிரித்தார். நீவெஸ் சிரிக்கவில்லை. டூர் படிவத்தை நிரப்பிக் கைப்பையில் வைத்திருந்தாள். கையெழுத்து மட்டும் பாக்கி. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்துநாலு வருடம் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள் அவள். ஓய்வு பெற்ற அன்றே சொல்லியிருந்தாள்: போர்ச்சுகலில் தரை முடிந்து வெறும் கடல் தொடங்குகிற முனைக்குப் போக வேண்டும், அங்கே இரண்டே பேருக்குச் சமைக்க வேண்டும், போதும் என்று தோன்றுகிறவரை இருக்க வேண்டும். டூர் பஸ் அங்கே நாற்பது நிமிடம் நிற்குமாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் துய்லியோ இருக்க மாட்டார் என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வண்டிக்காரர் பெயர் ஆர்த்தேமியோ. குன்றின் மேல் தனி வீடு. குடையோடு ஓடி வந்தார், ஆனால் விற்க வருகிற ஆளின் ஓட்டமாக அது இல்லை. வண்டியின் கதவுக்கு முன்னால் கால்களை அகட்டி நின்றுகொண்டார்.

"மக விளம்பரம் போட்டுட்டா. நானா விக்கல. எஞ்சின் அருமையா இருக்கு. வெளியிலேயே பாத்துக்கோங்க, உள்ள என்ன இருக்கு?"

"உள்ளதாங்க நாங்க தூங்கணும்" என்றாள் நீவெஸ்.

"உள்ள ஒரே தூசி."

"முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூட அடுப்படியில இருந்தவ நான். தூசிக்கெல்லாம் பயப்பட மாட்டேன். தொறங்க, ஐயா."

ஆர்த்தேமியோ இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இருவரையும் உள்ளே தள்ளி, தானும் ஏறிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

பின்சுவர் முழுக்கக் காளான். தரையிலிருந்து கூரைவரை, கொத்துக் கொத்தாக, பழுப்புத் தொப்பியும் வெள்ளைக் காலுமாக. பாப்ளர் மரத்தில் மட்டும் வருமே, சந்தையில் கண்ணில் பட்ட நிமிடம் தீர்ந்துபோகுமே, அந்தக் காளான். அதில் ஒன்று கூரைச் சன்னலைத் தலையால் முட்டித் திறந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் காளான் கிடைக்கிற இடத்தை யாரும் பாவமன்னிப்புக் கேட்கும்போதுகூடச் சொல்வதில்லை. ஆர்த்தேமியோ பதினொரு வருடமாக வியாழன்தோறும் ஒரு கூடைக் காளானைச் சந்தைக்குக் கொண்டுபோனார். இடத்தைக் கண்டுபிடிக்க ஆட்கள் பின்தொடர்ந்தார்கள். அதனால் காலி கூடையோடு இரண்டு மணி நேரம் காட்டில் அலைந்து, அவர்களை உதறிவிட்டுக் கொல்லைப்பக்கமாக வீட்டுக்கு வந்து, வண்டிக்குள் ஏறிக் கூடையை நிரப்புவார். பின்தொடர்ந்த ஒருவன் வழிதவறி அடுத்த மாகாணத்தில் போய் வெளியேறி, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறான்.

நீவெஸ் கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். இதற்கு விரலே தேவையில்லை. ஆனாலும் துய்லியோ பழக்கதோஷத்தில் மூலைக்குப் போய் அழுத்தினார். கட்டைவிரல் உள்ளே போனது. பின்னாலேயே கை போனது. முழங்கைவரை போனதும், சுவருக்குள் யாருக்கோ கை கொடுக்கிறவர் மாதிரி நின்றார். வெளியே இழுத்தபோது ஒட்டுப்பலகை, பாலில் ஊறிய பிஸ்கட்டைப்போல அப்படியே கழன்று வந்தது.

"எந்தக் கழுதை கட்டுனானோ இதை!" என்றார். முப்பத்தொரு வண்டியிலும் சொன்ன அதே வாக்கியம்.

உள்ளே, கெடாமல் நின்ற ஒரு மரச்சட்டத்தில் பென்சில் எழுத்து தெரிந்தது. தொழிற்சாலையில் அது வழக்கம். யாரும் என்றைக்கும் பார்க்கப்போவதில்லை என்பதால் சுவருக்குள் பந்தாட்ட ஸ்கோர், மேஸ்திரிக்கு வசவு, எல்லாம் எழுதுவார்கள். நீவெஸ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

"18 மே 1984, வெள்ளி, நாலே முக்கால். இதைப் பிரிக்கிறவன் கழுதை. இப்படிக்கு, துய்லியோ."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை வாசித்தாள்.

"உன் கையெழுத்து அப்பவே இவ்வளவு மோசமா?" என்றாள் நீவெஸ்.

துய்லியோ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்த மூலைக்கு நான் பசை வைக்கல, நீவெஸ். அஞ்சு மணிக்கு சங்கு ஊதிருவான். அஞ்சே காலுக்கு நீ பாலத்துக்கிட்ட நிப்பேன்னு சொல்லியிருந்த."

"நின்னேன். நீ இருபது நிமிஷம் லேட்டு."

"கை கழுவிட்டு வந்தேன். அந்தப் பசை லேசுல போகாது."

"பசைதான் வைக்கலையே?"

துய்லியோ கூரையைப் பார்த்தார். ஆர்த்தேமியோவும் அவருக்காகக் கூரையைப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஆட்டம் சீட்டு" என்றார் துய்லியோ கடைசியில்.

நீவெஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருடம் கழித்துப் பிடிபட்ட மனிதரை வேறு என்ன செய்வது? துய்லியோ எழுந்து மற்ற மூன்று மூலைகளுக்கும் போனார். ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினார். மூன்றும் கல்லாக இருந்தன. திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இதை வாங்கிருவோம்."

"என்னது?"

"மத்த வண்டியில எவன் எங்க கோட்டை விட்டான்னு எனக்குத் தெரியாது. அதான் பயம். இதுல எங்க விட்டதுன்னு தெரியும். ஒரே மூலை. மத்ததை எல்லாம் முந்தின நாள் வியாழக்கிழமையே ஒழுங்கா முடிச்சிட்டேன். பின்சுவரைக் கழட்டிட்டுப் புதுசு வச்சா இந்த வண்டி நம்ம ரெண்டு பேரையும் தாண்டி நிக்கும்."

இரண்டு வருடத்தில் அவர் ஒரு வண்டியைப் பற்றி இவ்வளவு பேசி நீவெஸ் கேட்டதில்லை.

"விக்கறதுக்கில்லை!" என்று கத்தினார் ஆர்த்தேமியோ. இரண்டு கைகளையும் விரித்துக் காளானுக்கு முன்னால் நின்றார். "வண்டி போனா வியாழக்கிழமை நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சந்தைக்குப் போவேன்?"

நீவெஸ் அவரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயா, உங்களுக்கு வேண்டியது வண்டியா, சுவரா?"

ஆர்த்தேமியோ யோசித்தார். கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"சுவரு" என்றார்.

"எங்களுக்கு மீதி."

ஒரு மணி நேரத்தில் திருகாணிகளைக் கழற்றினார்கள். தொட்டிலைத் தூக்குவது மாதிரி மூன்று பேரும் அந்தச் சுவரைத் தூக்கிப்போய், தொழுவத்தில் வெயில் படாத இடமாகப் பார்த்துச் சாய்த்துவைத்தார்கள். போகிற வழியில் ஒரு காளான்கூட உதிரவில்லை. ஆர்த்தேமியோ அதன்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினார். எவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு, மகள் போட்ட விலையில் பாதியைத் தானாகவே தள்ளினார். எழுத்து இருந்த சட்டத்தை மட்டும் துய்லியோ கேட்டார். அதுதான் சுவருக்கு முதுகெலும்பு, தர முடியாது என்றுவிட்டார் ஆர்த்தேமியோ.

மூன்றாவது முயற்சியில் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. காரை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நீவெஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். பின்பக்கம் வாசல் மாதிரி திறந்து கிடந்தது. துய்லியோ அங்கே பெஞ்சில் உட்கார்ந்து மெத்தைகளைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நடப்பதையெல்லாம் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஒரு லாரி வருது! டிரைவர் கை காட்டறான்!"

"நீயும் காட்டு!"

"கும்பிடறான் நீவெஸ்!"

அடுத்த குன்றின் ஏற்றத்தில் இரண்டாவது கியர் விழுந்தபோது, அலமாரி திறந்துகொண்டு ஒரு வாணலி குதித்தது. பெஞ்சைத் தாண்டித் திறந்த பக்கமாக வெளியேறி, மழையில் சாலையோடு உருண்டது. நீவெஸ் கண்ணாடியில் பார்த்தாள். சுவர் இல்லாததால் வண்டி முழுவதும், அதற்கப்பால் சாலையும், குன்றும், ஊரும் தெரிந்தன. அறுபத்தொன்பது வயது துய்லியோ வெளியே குதித்து, வாணலியைத் துரத்திப் பிடித்து, தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்ப ஓடி வந்துகொண்டிருந்தார்.

"நிறுத்து!"

"ஏத்தத்துல நிறுத்தினா மறுபடி கிளம்பாது! ஓடி வா!"

ஓடி வந்தார். நனைந்து, மூச்சிரைத்து, வாய் கொள்ளாத சிரிப்போடு. நீவெஸ் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை ஒரு நூல் அளவு மட்டும் எடுத்தாள்.