ஈயப் பை

இரும்புத்தூளில் ஏற்றிய மருந்தை ரத்தத்தில் விடுவார்கள். தொடையில் இருக்கும் புற்றுக்கட்டியின் மேல் காந்தம் வைத்த துணிப்பையை இரண்டு மணி நேரம் கட்டிவைத்தால் மருந்து அங்கே வந்து தங்கும். சோதனையில் ஆறு பேர். மூவருக்குக் காந்தம், மூவருக்கு அதே எடையில் ஈயம். யாருக்கு எது என்று சொல்லமாட்டோம் என டாக்டர் சிவகுருநாதன் முதல் நாளே சொல்லிவிட்டார். அது 1989.

நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தியான கனகேஸ்வரி வளையல்களைக் கொடுத்தாள், தாலியைக் கொடுக்கவில்லை. அதில் கோத்திருந்த நாலு ஊக்குகளை யாரும் பொருட்படுத்தவில்லை.

பக்கத்துக் கட்டில் ஹபீபா பீவிக்கு விரல்களில் பிடி இல்லை. தாதி பைகளை வைத்துவிட்டுப் போனதும் கனகேஸ்வரிதான் அவளுக்குக் கட்டிவிடுவாள். இரண்டாம் ஊசியன்று குனிந்தபோது ஊக்குகள் துள்ளிப்போய் ஹபீபாவின் பையில் ஒட்டின.

"என்னாக்கா, ஒங்க தாலி எங்கிட்ட வரப் பாக்குது? அந்த மனுசன நீங்களே வச்சுக்குங்கலா."

கனகேஸ்வரியும் சிரித்தாள். பிறகு தன் பையில் ஊக்கை வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை.

பைகளை அவிழ்த்ததும் ஹபீபா கழிப்பறைக்குப் போனாள். பைகளின் மேல் கட்டில் எண் எழுதிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கனகேஸ்வரி இரண்டையும் உரித்து மாற்றி ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். வேலை அவ்வளவுதான். அதன் பிறகும் ஹபீபாவுக்கு ஈயத்தை இறுக்கிக் கட்டிவிட்டது அவள்தான்.

பன்னிரண்டு ஊசிகளில் ஆறு முடிவதற்குள் கனகேஸ்வரியின் கட்டி எலுமிச்சை அளவுக்குச் சுருங்கியது. ஹபீபா செத்துப்போனாள்.

மறுநாள் டாக்டர் யாருக்கு எது என்று எழுதிய அட்டையோடு வந்தார். சோதனையை மூடுகிறார்களாம்.

"காந்தம் கட்டுன ஹபீபா போயிட்டாங்க. ஒங்களுக்கு வெறும் ஈயம்தான், கட்டி பாதியாயிருச்சு. மத்தவங்ககிட்ட ஒரு வித்தியாசமும் இல்ல. இந்த மருந்து வேலைக்காகாதும்மா. நிறுத்திட்டோம்."

"டாக்டர், அந்தப் பை..." என்று தொடங்கினாள்.

ஹபீபாவின் மகன் யூசுப் அப்போது அடுத்த கட்டிலில் தாயின் கைலியை மடித்துக்கொண்டிருந்தான். திரும்பினான்.

"அந்தப் பைய நீங்கதான் ஒவ்வொரு தடவையும் கட்டிவிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க, ஆன்ட்டி. பெத்த பொண்ணுகூட செய்யமாட்டா."

"எந்தப் பை?" என்றார் டாக்டர்.

கனகேஸ்வரி யூசுப்பைப் பார்த்தாள். மீதி ஆறு ஊசிகள் அந்த ஒரு பதிலில் இருந்தன.

"ஒண்ணுமில்ல."

டத்தோ கிராமாட்டில் இருந்த தன் வீட்டுக்கு அவள் போன மூன்றாம் மாதம் எலுமிச்சை தேங்காயாகியிருந்தது.